தனிப் பயணம், தரைக்கடியில் குகை: குமரி மாவட்டத்திலிருந்து பெலும் குகைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவிலிலிருந்து ஆந்திரத்தின் பெலும் குகைகளுக்குத் தனியாக பைக்கில் போய்வந்தவன் என்பது தெரிந்த நாள் முதல், வடசேரி தேநீர்க் கடையிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும், கல்லூரி மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஏறத்தாழ ஒரே ஐயங்களையே என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

பெலும் குகை எங்க இருக்கு? அதுல அப்படி என்ன விசேஷம்?

ஆந்திரப் பிரதேசத்தின் நந்தியால் மாவட்டத்தில், கொலிமிகுண்ட்லாவுக்கு அருகில் இருக்கிறது. 2022இல் மாவட்டங்களைப் பிரிப்பதற்கு முன்பு அது கர்நூல் மாவட்டமாக இருந்ததால் பழைய குறிப்புகளில் கர்நூல் என்றே காணலாம். அளந்தறியப்பட்ட நீளம் 3,229 மீட்டர். அதில் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் தூரம் மட்டும் விளக்கும் நடைபாதையும் போட்டுப் பொதுமக்களுக்குத் திறந்து விடப்பட்டிருக்கிறது. மலையேறிப் போய் நுழைகிற குகை அன்று அது. சமவெளியில், புன்செய்க் காடுகளுக்கு நடுவே, தரையில் திறந்திருக்கும் கிணறு போன்ற பள்ளத்தில் படியிறங்கிப் போக வேண்டும்.

1884இல் இதைப் பற்றி முதலில் எழுதி வைத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர். சென்னைப் பல்லாவரத்தில் 1863இல் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தவரும் அவரே. அதற்குப் பின் நூறாண்டு கழித்து, 1982, 1983 ஆண்டுகளில், டேனியல் கெபாவர் தலைமையில் வந்த ஜெர்மானியக் குழுவினர் உள்ளே புகுந்து முறையாக ஆராய்ந்தார்கள். ஆந்திர சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பொறுப்பேற்றுச் சேற்றை அகற்றி, பாதை போட்டு, 2002இல் மக்களுக்குத் திறந்தது.

நம்ம சிதறாலும் திருநந்திக்கரையும் குகைதானே? அதுக்கு ஏன் அவ்வளவு தூரம் போவணும்?

நியாயமான கேள்வி, ஆனால் மூன்றும் மூன்று வகை. திருநந்திக்கரைக் குகைக்கோயில் மனிதர் உளியால் குடைந்தது. சிதறால் மலைக்கோயில், பெரும்பாறை ஒன்று முன்னுக்கு நீட்டிக்கொண்டு நிற்பதால் அடியில் உண்டான இயற்கையான ஒதுக்கிடம்; சமண முனிவர்கள் அங்கே தங்கித் தீர்த்தங்கரர்களின் உருவங்களைப் பாறையில் செதுக்க, ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலக் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. மருந்துவாழ்மலையில் நாராயண குரு தவம் செய்த பிள்ளைத்தடம் குகையும் பாறைகளுக்கு இடையே அமைந்த ஒதுக்கிடமே. இவற்றில் எதிலும் பகல் வெளிச்சத்தை விட்டு வெகுதூரம் போய்விட முடியாது. பெலும் குகையோ நிலத்தடி நீர் பாறையைக் கரைத்து உண்டாக்கியது. அதில் திருப்பங்களைக் கடந்துவிட்டால் சூரியனுக்கு வேலையே இல்லை.

நம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட குகை ஏன் இல்லை என்பதற்குக் காரணம் பாறை. இங்கே மலைகளாக நிற்பவை பெரும்பாலும் சார்னோக்கைட், கோண்டலைட் வகைகள். பூமிக்கடியில் கடும் வெப்பத்தில் இறுகிய அவை மழைநீரில் கரைவதில்லை. சுண்ணாம்புப் பாறை கரையும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகி, பாறை வெடிப்புகளில் இறங்கி, லட்சக்கணக்கான ஆண்டுகளில் வெடிப்பைச் சந்தாகவும் சந்தைக் கூடமாகவும் அகட்டிவிடுகிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். அடுக்களையில் அலமாரித் தட்டாகப் பதித்திருக்கும் கடப்பா கல் அந்த வட்டாரத்துக் கருஞ்சுண்ணாம்புப் பாறைதான். பெலும் போகும் வழியில் தாடிபத்திரியில் பட்டறை பட்டறையாக அதை அறுத்துப் பளபளப்பாக்குகிறார்கள். மீன் கழுவும்போது அதன்மேல் எலுமிச்சைச் சாறு சிந்தினால், துடைத்த பிறகும் அந்த இடம் மட்டும் மங்கலான வட்டமாக நிற்கும். விரலால் தடவினால் சுற்றியுள்ள வழவழப்பு அங்கே இல்லை என்பது தெரியும். அமிலம் கல்லைத் தின்ற தடம் அது. நம் ஊர் மலைக்கல்லில் செய்த அம்மியில் எத்தனை எலுமிச்சை பிழிந்தாலும் அந்த வட்டம் வராது.

நாகர்கோவிலிலிருந்து எப்படிப் போவ? ஒரே மூச்சில ஓட்டிரலாமா?

ஆரல்வாய்மொழி வழியாகப் போய்க் காவல்கிணற்றில் நான்குவழிச் சாலையில் ஏறினால், மதுரை, திண்டுக்கல், கரூர், சேலம், கிருஷ்ணகிரி, பெங்களூரு, அனந்தபூர் என்று 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே கிட்டத்தட்ட கொண்டுபோய் விட்டுவிடும். அனந்தபூரிலிருந்து தாடிபத்திரி, அங்கிருந்து குகை ஏறத்தாழ 30 கி.மீ. மொத்தம் ஒரு வழிக்கு 1,000 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரு நெரிசலில் மாட்ட விரும்பாதவர்கள் கிருஷ்ணகிரியிலிருந்து குப்பம், மதனப்பள்ளி, கதிரி வழியாகப் போகலாம். சாலை குறுகலானாலும் மனம் அலைக்கழியாது.

ஒரே மூச்சில் ஓட்டக் கூடாது. முதல் நாள் சேலத்தில் தங்கி, இரண்டாம் நாள் தாடிபத்திரியைச் சேர்ந்து, நன்றாகத் தூங்கி எழுந்து மூன்றாம் நாள் காலையில் இறங்குவதே முறை. இரவெல்லாம் வண்டியோட்டிய உடம்போடு படியிறங்குகிறவருக்கு உள்ளே வருகிற வியர்வையும் மூச்சிரைப்பும் குகையினால் வந்ததா, தூக்கமின்மையால் வந்ததா என்று அவருக்கே தெரியாது. செலவைக் கேட்பவர்களுக்கு: லிட்டருக்கு 35 கி.மீ. தரும் வண்டியென்றால் போகவர 57 லிட்டர் பெட்ரோல் தேவை. நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் இருசக்கர வண்டிக்குக் கட்டணமில்லை.

எந்த மாசம் போனா நல்லது?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. பெலும் இருக்கும் ராயலசீமை வட்டாரத்தின் ஏப்ரல், மே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். கருங்கல் தரையும் செடியற்ற சாலையும் கொண்ட அந்த ஊரில் ஹெல்மெட்டுக்குள் தலை வெந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தொல்லை வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது: ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும். காற்றாலைகளை அங்கே சும்மா நட்டுவைக்கவில்லை. லாரியை முந்தி அதன் மறைவிலிருந்து வெளியே வரும் கணத்தில்தான் அந்தக் காற்று அடிக்கும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தனியாட்டுப் போறேன்னு சொன்னா வீட்டுல விட மாட்டாவ. என்ன சொல்லிட்டுப் போவ?

பொய் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். நண்பர்களோடு மதுரைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆந்திரத்தில் தரைக்கடியில் இறங்குகிறவரை, ஏதாவது ஆனால், மதுரையில்தான் தேடுவார்கள். வீட்டில் ஒருவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்தக் குகை, வண்டி எண், தங்கும் இடம், உள்ளே போகும் நேரம், வெளியே வந்து அழைக்கும் நேரம், எத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் அவர்கள் அவசர உதவி எண்ணான 112ஐ அழைக்க வேண்டும் என்பது. கடைசி விவரம்தான் முக்கியம். அதில் ஒன்றிரண்டு மணி நேரம் தாராளமாக விட்டுக் கொடுங்கள்; ஆனால் வெளியே வந்த பிறகு முதல் வேலை அந்த அழைப்பாக இருக்கட்டும், டீ அடுத்தது.

மொபைலில் இருப்பிடத்தைப் பகிர்ந்துவிட்டால் போதுமே என்பார்கள். சாலையில் அது உதவும். பாறைக்கடியில் சிக்னலும் கிடையாது, ஜி.பி.எஸ்ஸும் கிடையாது, வீட்டில் இருப்பவர் கண்ணுக்கு நீங்கள் குகை வாசலிலேயே அசையாமல் நிற்பீர்கள்.

பொம்பளப் பிள்ளையள் தனியாப் போலாமா?

போகிறார்கள். பெலும் குகை நுழைவுச் சீட்டும் காவலாளிகளும் குடும்பக் கூட்டமும் உள்ள இடம். அங்கே தனியாக வந்திருப்பதால் வரும் தொல்லை குறைவு. யோசிக்க வேண்டியது சாலையைத்தான்: இருட்டிய பிறகு ஓட்டாமல் இருப்பது, தங்குமிடத்தை முன்பே பதிவு செய்வது, மேலே சொன்ன தாளை எழுதிக் கொடுப்பது. இவை ஆண்களுக்கும் அதே அளவுக்குப் பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். குகைக்கு அருகிலேயே சுற்றுலாக் கழகத்தின் விடுதி உண்டு. தாடிபத்திரியில் லாட்ஜுகள் இருக்கின்றன.

உள்ள இறங்கினா என்ன இருக்கும்?

படிகள் முடிந்ததும் அகலமான கூடம் ஒன்று. பிறகு பாதை சில இடங்களில் இருவர் தோளோடு தோள் உரசும் அளவுக்குச் சுருங்குகிறது. சில இடங்களில் குனிந்து போக வேண்டும். திடீரென்று கூரை உயர்ந்து விடுகிறது. கூரையிலிருந்து தொங்குவது கல்விழுது, தரையிலிருந்து எழுவது கல்முளை, இரண்டும் கூடினால் கல்தூண் என்று பள்ளிப் புவியியலில் படித்தவற்றை அங்கே கண்ணால் பார்க்கலாம். லிங்கங்கள் திரண்டது போலக் கல்முளைகள் நெருங்கி நிற்கும் இடத்துக்குக் கோடிலிங்காலு என்றும், சிங்கத்தின் தலை போல வளைந்த வாயிலுக்குச் சிம்மத்துவாரம் என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது பாறைச் சுவர். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் சுவர் முழுக்கச் சிறு சிறு குழிவுகள் அலையலையாகத் தெரியும். ஓடிய நீர் அரித்துவிட்டுப் போன வடிவம் அது. வேகமாக ஓடிய இடத்தில் குழிவுகள் சிறியவை, மெதுவாக ஓடிய இடத்தில் பெரியவை; நீர் எத்திசையில் போனது என்பதைக்கூட அவற்றின் சரிவைக் கொண்டு சொல்லிவிடலாம். வழிகாட்டிகள் சிங்கத்தலையைக் காட்டும் உற்சாகத்தில் இதைக் கடந்து போய்விடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் அடியில், நுழைவாயிலிலிருந்து 46 மீட்டர் ஆழத்தில், பாதாளகங்கை: செங்குத்தான படிகளின் முடிவில், பாறையிடுக்கில் தோன்றிப் பாறையிடுக்கிலேயே மறையும் சிறு நீரோட்டம்.

அடியில குளிருமா? ஜாக்கெட் எடுக்கவா?

வேண்டாம். ஆழமான குகையின் வெப்பநிலை அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். மேகாலயத்தில் அது குளிர். ராயலசீமையில் ஏறத்தாழ 28 டிகிரி. அதோடு காற்றில் ஈரம் மிகுதி என்பதால் வியர்வை உலராது; சட்டை நனைந்து முதுகில் ஒட்டும். மெல்லிய பருத்திச் சட்டை, நல்ல பிடிப்புள்ள ஷூ, ஒரு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆகியவை போதும். ரப்பர் செருப்பு ஈரப் பாறையில் வழுக்கும்.

எனக்கு லிஃப்ட்டுலயே மூச்சு முட்டும். நான் போலாமா?

போகலாம், ஆனால் பாதியில் திரும்பும் உரிமையை முன்கூட்டியே உங்களுக்கு நீங்களே கொடுத்துவிட்டுப் போங்கள். பெலும் குகையில் ஆங்காங்கே மேலிருந்து காற்று வருவதற்கு வழி செய்திருக்கிறார்கள். மக்கள் நடமாடும் பாதையில் மூச்சுக் காற்றுக்குப் பஞ்சமில்லை. பயம் வந்தால் அகலமான கூடத்துக்குத் திரும்பி, சுவரில் சாய்ந்து, மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்குங்கள். பாதாளகங்கைப் படிகளைத் தவிர்த்துவிட்டாலும் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். இறங்குவது எளிது, அந்தப் புழுக்கத்தில் படியேறுவதுதான் பாடு.

மொபைல் டார்ச் போறாதா?

விளக்குப் போட்ட குகைதானே என்று கேட்பவர்கள், ஆந்திரத்திலும் மின்வெட்டு உண்டு என்பதை மறந்து விடுகிறார்கள். தரைக்கடியில் விளக்கு அணைந்தால் வருவது நாம் அறிந்த இருட்டு அன்று. கண் பழகினாலும் எதுவும் தெரியாது, ஏனென்றால் பழகிக்கொள்ள அங்கே வெளிச்சம் துளியும் இல்லை. அப்படி அணைந்தால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள்.

உலகெங்கும் குகையில் இறங்குபவர்கள் ஆளுக்கு மூன்று தனித்தனி விளக்குகள் வைத்துக்கொள்வது வழக்கம். பெலும் போன்ற இடத்துக்குத் தலையில் மாட்டும் ஹெட்லேம்ப் ஒன்றும், சட்டைப் பையில் சிறு டார்ச் ஒன்றும் இருந்தால் மொபைல் மூன்றாவதாகிவிடும். இரு கையும் காலியாக இருப்பதுதான் ஹெட்லேம்ப்பின் பெரிய பயன். மொபைலைப் பிடித்த கை, வழுக்கும்போது பாறையைப் பிடிக்காது.

வௌவால் இருக்கும்லா? நிபா வந்திராதா?

2018இல் கோழிக்கோட்டில் நிபா பரவியதிலிருந்து நம் பக்கத்தில் வௌவால் என்றாலே பயம். நிபா வைரஸைச் சுமப்பவை பெரிய பழந்தின்னி வௌவால்கள். அவை மரங்களில் தொங்குபவை. குகையில் தங்குபவற்றில் பெரும்பாலானவை பூச்சி தின்னும் சிறு வகைகள். எதையும் தொடாதீர்கள், டார்ச்சை அவற்றின் மேல் அடிக்காதீர்கள், கத்தாதீர்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டியது தரையிலிருக்கும் எச்சம். உலர்ந்த எச்சத்தில் வளரும் ஒருவகைப் பூஞ்சையின் தூள் மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் என்ற நோய் வரலாம். காய்ச்சல், இருமல், நெஞ்சுவலியாக வரும். எச்சம் குவிந்த இடத்தில் தூசி கிளப்பாமல் நடங்கள், என்.95 முகக்கவசம் போடுங்கள். ஊருக்கு வந்த பின் காய்ச்சல் வந்தால் குகைக்குப் போனதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அந்தக் கல்லைத் தட்டினா சத்தம் வருமாமே? ஒரு சின்னத் துண்டு எடுத்துக்கிடலாமா?

சப்தஸ்வர குகை என்ற அறையில் கல்விழுதுகளைத் தட்டினால் உலோக ஒலி வருவது உண்மை. தட்டாதீர்கள். கல்விழுது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு வளர்ந்தாலே பெரிது. சுண்டுவிரல் நீளத் துண்டு ஒன்று ராஜேந்திர சோழன் காலத்தில் சொட்டத் தொடங்கியதாக இருக்கலாம். கையால் தடவினாலும் கேடுதான்: தோலின் எண்ணெய்ப் பசை படிந்த இடத்தில் சுண்ணாம்பு படிவது நின்றுபோகிறது. துண்டு எடுப்பது திருட்டு. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் இருட்டா ஒரு வழி போவுது. தனியாத்தானே வந்திருக்கோம், கொஞ்சம் போய்ப் பாத்தா என்ன?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன். சாலையில் தனிமை ஒரு சுகம். நினைத்த இடத்தில் நிற்கலாம், நினைத்தபோது கிளம்பலாம். வண்டி பழுதானால் பின்னால் வருகிற லாரிக்காரர் நிறுத்துவார், 1033ஐ அழைத்தால் நெடுஞ்சாலை உதவி வரும். வேலிக்கு அந்தப் பக்கம் பின்னால் வருகிறவர் யாருமில்லை. ஆகவே சாலையில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் தனியாகப் போங்கள். குகை வாயிலில் வழிகாட்டியோடோ முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடோ சேர்ந்துகொள்ளுங்கள்.

அனுபவசாலிக்கு ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் ஃபிளாய்ட் காலின்ஸைப் பற்றி அறிந்திருப்பது நல்லது. அமெரிக்காவின் கென்டக்கியில் சிறுவயதிலிருந்தே குகைகளில் திரிந்தவர். 1917இல் கிரிஸ்டல் குகையைக் கண்டுபிடித்தவர். 1925 ஜனவரி 30 அன்று சாண்ட் குகையில் தனியாக நுழைந்து திரும்பும்போது, குறுகிய சந்தில் ஏறத்தாழ 12 கிலோ எடையுள்ள கல் ஒன்று உருண்டு அவருடைய பாதத்தை அழுத்திக்கொண்டது. வெளியே இருக்கும் எவரும் ஒரு கையால் புரட்டிவிடக்கூடிய கல். அவர் கைக்கு அது எட்டவில்லை. மறுநாள்தான் அக்கம்பக்கத்தார் தேடி வந்தார்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் போராடியும் உயிரோடு மீட்க முடியவில்லை. பின்னால் ஒருவர் வந்திருந்தால் அந்தக் கல் ஒரு செய்தியாகவே ஆகியிருக்காது.

பயிற்சி பெற்றவர்கள் பழகாத குகையில் நால்வருக்குக் குறைந்து இறங்குவதில்லை. ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணையிருப்பார், இருவர் வெளியே போய் உதவி அழைப்பார்கள். அந்த இருவரில் ஒருவர் தடுக்கி விழுந்தாலும் செய்தி வெளியே போய்ச் சேரும். கொடைக்கானல் டெவில்ஸ் கிச்சனிலும் (குணா குகை) வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே இருப்பவை கரைந்து உண்டான கூடங்கள் அல்ல, பாறைகளுக்கு இடையே நேராகக் கீழே இறங்கும் ஆழமான பிளவுகள். விழுந்தவரைக் காண்பதே அரிது.

உள்ள விஷக்காத்து இருக்கான்னு விளக்கு கொளுத்திப் பாத்தாப் போறாதா?

கிணறு தூர்வார இறங்கும் முன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது என்பது சரியான பாடம். எரிந்தால் இறங்கலாம் என்பது அரைகுறைப் பாடம். சாதாரணக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 விழுக்காடு, அது 3 விழுக்காடானால் தலைவலியும் மூச்சிரைப்பும் வரும், 10 விழுக்காட்டைத் தாண்டினால் நினைவு தப்பும். சுடர் அணையாமல் நிற்கும்போதே காற்று மனிதருக்குக் கெட்டதாகிவிட முடியும். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் தாழ்ந்த மூலைகளில், இலைதழை அழுகிய குழிகளில், காற்றோட்டமில்லாத முட்டுச் சந்துகளில் தங்கும்.

ஓடாமல் நிற்கும்போதும் மூச்சு வேகமாக வாங்கினால், தலை கனத்தால், காரணத்தை ஆராயாமல் உடனே மேலே ஏறுங்கள். மூடிய இடத்தில் தீ மூட்டுவது இருக்கிற பிராண வாயுவையும் குறைக்கும்.

பத்மநாபபுரம் அரண்மனையில சுரங்கப்பாதை உண்டுல்லா? அதுல இறங்க முடியுமா?

அரண்மனையிலிருந்து சாரோட்டுக் கொட்டாரத்துக்குப் போகும் சுரங்கவழி ஒன்று இருந்ததாகச் சொல்லப்படுகிறது. இன்று அது மூடிக் கிடக்கிறது. மூடாமல் இருந்தாலும் இறங்கச் சொல்ல மாட்டேன். இயற்கைக் குகைக்குப் பல வெடிப்புகள் வழியே காற்று வந்துபோகும். மனிதர் தோண்டி, இரு வாயும் அடைபட்டு, ஆண்டுக்கணக்கில் திறக்காத வழிக்கு அது இல்லை; முந்தைய பதிலில் சொன்ன காற்று அப்படிப்பட்ட இடத்தில்தான் தேங்கும். செங்கல், மண் கூரை எப்போது சரியும் என்றும் சொல்ல முடியாது. அரண்மனையில் மரவேலைப்பாட்டைப் பார்க்கவே ஒரு பகல் வேண்டும்.

வெளிய மழை பெய்ஞ்சா உள்ளவனுக்கு என்ன? கூரைதான் இருக்கே?

குகைகளில் நடக்கும் பெரிய விபத்துகளில் பலவற்றுக்கு வெள்ளமே காரணம். குகை என்பதே நீர் போட்ட வடிகால். மழை வந்தால் நீர் தன் பழைய வழியைக் கேட்டு வரும். மழை குகைக்கு மேலேதான் பெய்ய வேண்டும் என்பதில்லை, பல கிலோமீட்டர் தள்ளிப் பெய்தாலும் போதும். தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் 2018 ஜூன் 23 அன்று போன 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் இப்படித்தான் அடைபட்டார்கள். ஜூலை 2இல்தான் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். ஜூலை 8 முதல் 10 வரை ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்தார்கள். அந்த முயற்சியில் சமன் குணன் என்ற முன்னாள் கடற்படை முக்குளிப்பாளர் உயிரிழந்தார்.

பராமரிப்பில் உள்ள பெலும் குகையில் மழைநாளில் காவலர் விட்டால் போகலாம், விடாவிட்டால் வாதாட வேண்டாம். மற்ற எந்தக் குகையிலும் வானம் இருண்டிருந்தால் இறங்காதீர்கள். உள்ளே இருக்கும்போது நீர் திடீரென்று கலங்கினாலோ, காய்ந்த சருகுகள் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ உயரமான இடத்துக்கு ஏறிவிடுங்கள்.

வழி தவறிட்டா என்ன செய்ய?

தவறாமலிருக்க ஒரு பழக்கம்: ஒவ்வொரு பிரிவிலும் நின்று, திரும்பிப் பின்னால் பாருங்கள். போகும்போது கண்ட பாறை வரும்போது வேறு முகம் காட்டும். அந்த முகத்தைத்தான் நினைவில் வைக்க வேண்டும். சுவரில் சுண்ணக்கட்டியால் குறி போடாதீர்கள்.

தவறிவிட்டால் உட்காருங்கள். அங்குமிங்கும் ஓடுகிறவரைத் தேடுவது கடினம், கால் முறிவதும் அப்போதுதான். விளக்குகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றை அணைத்து, முடிந்தால் அதையும் அணைத்து வையுங்கள்; விசிலை மும்மூன்று முறையாக ஊதி, இடையே காது கொடுத்துக் கேளுங்கள். வீட்டில் கொடுத்த தாள் வேலை செய்யத் தொடங்குவது இந்த நேரத்தில்தான்.

கயிறு கட்டி இறங்குற நிஜமான குகைப் பயணம் போவ ஆசை. எங்க போவ?

மேகாலயம். காசி, ஜெயந்தியா மலைகளின் சுண்ணாம்புப் பாறையில் 30 கி.மீ.க்கு மேல் நீளமுள்ள கிரெம் லியாட் பிரா முதலிய குகைகள் இருக்கின்றன. மணற்பாறையில் அமைந்த கிரெம் பூரி மட்டும் 24.5 கி.மீ. ஷில்லாங்கிலுள்ள மேகாலய சாகசக்காரர் சங்கம் 1992 முதல் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து அந்தக் குகைகளை அளந்து வரைபடம் தீட்டி வருகிறது. அவர்கள் இறங்குவது மழையில்லாத மாதங்களில் மட்டும். அதற்கு முன் பாறையேற்றப் பயிற்சியில் கயிறு, முடிச்சு, இடுப்புப்பட்டை ஆகியவற்றைக் கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழக வேண்டும். காணொளி பார்த்துக் கற்றுக்கொள்கிற வேலை அன்று.

நான் வெளிய நிக்கேன், உள்ள ஒருத்தன் மாட்டிக்கிட்டான். போய்த் தூக்கலாமா?

மனம் கேட்காதுதான், ஆனாலும் காற்று கெட்ட இடத்திலும் நீர் ஏறும் இடத்திலும் முதலாமவரைக் காப்பாற்ற இறங்கிய இரண்டாமவரும் மூன்றாமவரும் சேர்ந்து மாண்ட செய்திகளைக் கிணற்று விபத்துகளிலேயே நாம் படித்திருக்கிறோம். வாயிலில் காவலர் இருந்தால் அவரிடமும், இல்லாவிட்டால் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு ஓடி 112க்கும் சொல்லுங்கள், ஆம்புலன்ஸ் 108. மேலே வந்து அழைப்பவர் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம் என்பதால் இந்த விவரங்களைக் கையோடு கொண்டு போங்கள்: எத்தனை பேர், எத்தனை மணிக்குப் போனார்கள், கடைசியாக எந்த இடத்தில் பார்த்தீர்கள், பேச்சுக் குரல் கேட்கிறதா, அடிபட்டிருக்கிறதா, கையில் விளக்கும் தண்ணீரும் உண்டா, உள்ளே நீர் மட்டம் ஏறுகிறதா. தெலுங்கு தெரியாவிட்டால் ஆங்கிலத்திலோ தமிழிலோ நிதானமாகச் சொல்லுங்கள்; அனந்தபூர் பக்கத்தில் தமிழ் புரிந்தவர் யாராவது கிடைப்பார். உதவி வரும்வரை குகை வாயிலை விட்டு அகலாதீர்கள், வேறு எவரையும் உள்ளே போக விடாதீர்கள்.